விடிய விடியத் தொடர்கதை

விடுமுறை நாட்கள் தொடங்கிவிட்டால் நம் இல்லங்களில் ஒரு புகார் எழுவதுண்டு. "இஷா தொழுதுவிட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தவள், பஜ்ருக்குப் பாங்கு சொல்லும் வரையில் கீழே வைக்கவில்லை" என்று தாய்மார்கள் குறைப்படுகின்றனர். வாளும் குதிரையும், மாயமும் மர்மமுமாய்ப் பாகம் பாகமாக நீளும் கதைகள் அவை. நாயகனும் நாயகியும் மனம் திறந்து ஒரு சொல் பேசுவதற்குள் பல நூறு பக்கங்கள் கடந்துவிடுகின்றன. பிள்ளையின் கையிலிருந்து இத்தகைய நூலைப் பறித்துப் பூட்டுவதா? கண்டும் காணாமல் இருந்துவிடுவதா?

இம்மோகம் இன்று முளைத்ததன்று. ஆயிரத்தோர் இரவுகள் என்னும் அரபுக் கதைத்தொகுதி முழுவதும் இதன்மேல்தான் எழுந்து நிற்கிறது. ஷஹ்ரஸாத் ஒவ்வொரு விடியலிலும் கதையைப் பாதியில் நிறுத்துகிறாள். மிச்சத்தைக் கேட்கும் ஆவலில் மன்னன் அவளுடைய கொலையை ஒத்திவைக்கிறான். நாட்கள் செல்லச் செல்ல அவனுடைய சினம் தணிகிறது. அவனை மாற்றியதில் கதைக்கு உள்ள பங்கு காத்திருப்புக்கும் உண்டு.

நம் திருச்சிராப்பள்ளிக்கும் இக்கலையில் பங்கு இருக்கிறது. இங்குள்ள தேசிய உயர்நிலைப் பள்ளியில் பயின்று, 1921இல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பைத் துறந்த இளைஞர் ரா. கிருஷ்ணமூர்த்தி. அவரே பின்னாளில் 'கல்கி' ஆனார். திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடையே ஓடும் காவிரியின் பெயரைத் தாங்கிய 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் வரை வாரந்தோறும் வெளிவந்தது. அக்கால வாசகர்கள் அதைப் படித்து முடிக்க மூன்றரை ஆண்டுகள் காத்திருந்தனர். இதழின் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து, பைண்டு செய்து பாதுகாத்த குடும்பங்கள் பல. இன்றோ ஐந்து பாகங்களும் ஒரே கட்டாக வீட்டுக்கு வந்துவிடுகின்றன, கைப்பேசியிலும் கிடைக்கின்றன. ஒரே விடுமுறையில் முடித்துவிடும் பிள்ளைகள் உண்டு.

அந்நாவலில் வந்தியத்தேவனும் குந்தவையும் முதலில் சந்திப்பது குடந்தை சோதிடர் வீட்டில். அதன்பின் அவர்களுடைய அன்பு மிக மெதுவாக வளர்கிறது. ஒவ்வொரு முறையும் கடமையே முந்திக்கொள்கிறது. ஒருவர் மற்றவரை எடைபோடுவது அழகைக் கொண்டன்று. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதைக் கொண்டும், ஆபத்தில் நடந்துகொள்ளும் விதத்தைக் கொண்டுமே.

பெற்றோர் அஞ்சுவது பெரும்பாலும் இக்காதலைக் கண்டுதான். ஆயினும் பொறுமையும் கண்ணியமும் உள்ள அன்பைப் படித்துப் பழகிய பெண், பகட்டான பேச்சில் எளிதில் மயங்கமாட்டாள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மணப்பெண்ணின் சம்மதத்தைக் கேட்டறியும்படி பணித்தவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். சம்மதம் சொல்ல வேண்டியவளுக்கு மனிதர்களை எடைபோடத் தெரிந்திருக்க வேண்டாமா?

கதை படித்தால் படிப்புக் கெடும் என்போருக்குத் திருச்சி தூய வளனார் கல்லூரி ஒரு விடை வைத்திருக்கிறது. பொன்னியின் செல்வன் வெளிவந்துகொண்டிருந்த அதே காலத்தில் அங்கே இயற்பியல் பயின்றவர் அப்துல் கலாம். டால்ஸ்டாய், ஸ்காட், ஹார்டி ஆகியோரை இறுதியாண்டில் விரும்பிப் படித்ததைத் தம் சுயசரிதையில் குறிப்பிட்டிருக்கிறார். வால்டர் ஸ்காட் வீரமும் காதலும் நிறைந்த சரித்திரக் கதைகளின் மன்னர் அல்லவா! அக்கல்லூரியிலேயே பயின்ற ஸ்ரீரங்கத்துப் பிள்ளை ரங்கராஜன், பொறியாளராகவும் 'சுஜாதா' என்னும் எழுத்தாளராகவும் விளங்கினார்.

நம் சமுதாயப் பெண்களும் கதைக்கு அந்நியர் அல்லர். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938லேயே 'காதலா? கடமையா?' என்னும் நாவலை வெளியிட்டார். அதற்கு உ.வே. சாமிநாதையர் முன்னுரை வழங்கினார்.

ஆகவே தீங்கு கதையில் இல்லை, அளவின்மையில் இருக்கிறது. உறக்கம் கெட்டால் பஜ்ரும் தவறும், மறுநாள் பாடமும் தவறும். இதற்குச் சில எளிய வழிகள் உண்டு. தொடர்கதையின் ஒவ்வோர் அத்தியாயமும், அடுத்த வாரத்துக்கு ஏங்கவைக்கும் இடத்தில்தான் முடியும். "இந்த அத்தியாயத்தோடு நிறுத்திவிடு" என்று சொல்வது அதனால்தான் பலிப்பதில்லை. அத்தியாயத்தின் நடுவே, கதை அமைதியாகச் செல்லும் இடத்தில் அடையாளம் வைத்து மூடச் சொல்லுங்கள், மனம் இணங்கும். இரவில் கைப்பேசிக்குப் பதிலாக அச்சு நூலைக் கொடுங்கள். மாவட்ட மைய நூலகத்தில் பிள்ளையை உறுப்பினராக்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்நூலை நீங்களும் படியுங்கள். அத்தாவும் அம்மாவும் உணவு வேளையில் அதைப்பற்றிக் கேட்கட்டும். குந்தவை வரலாற்றில் வாழ்ந்தவர். அவர் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கூறுகிறது. நந்தினியோ கல்கியின் கற்பனை. எது வரலாறு, எது புனைவு என்று பிரித்துப் பேசும் வீட்டில் பிள்ளைக்குப் பகுத்தறியும் பழக்கம் தானே வரும்.

பறித்துப் பூட்டிய புத்தகத்தைப் பிள்ளை போர்வைக்குள் கைப்பேசியில் தொடரும். அப்போது அது எதைப் படிக்கிறது என்பது நமக்குத் தெரியாது; எதை எண்ணுகிறது என்பதும் தெரியாது. கூடத்தில் நம் கண்முன் விரிந்திருக்கும் புத்தகத்தைப் பற்றி எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்பதற்குப் பெற்றோருக்கு நேரம் இருக்க வேண்டும், அவ்வளவே.