கடைப் போன் தண்ணீரில் போனால் பாக்கிக்கு யாரைக் கூப்பிடுவது?

வியாபாரப் பெருமக்களுக்குப் பேரேடு எப்படியோ, டெலிபோன் நோட்டும் அப்படித்தான். தூத்துக்குடியில் எங்கள் மொத்தக் கடையில் காலிகோ அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று கல்லா அருகிலேயே தொங்கும். விருதுநகர் 04562, கோவில்பட்டி 04632, திருச்செந்தூர் 04639 என்று ஊர் வாரியாக எழுதியிருப்போம். செல்போன் வந்ததும் அதைத் தூக்கிப் பரணில் போட்டோம். வினை அங்கேதான் ஆரம்பமாயிற்று.

2018 தொடக்கத்தில் ஏர்செல் சேவை நின்றுபோனதை யாரும் மறந்திருக்க முடியாது. எண்ணை மாற்றாமலே வேறு கம்பெனிக்குப் போகும் வசதி 2011 ஜனவரியிலிருந்தே நாடு முழுவதும் உண்டு. ஆனால் அதற்கான குறுஞ்செய்தி அனுப்பக்கூட சிக்னல் கிடைக்காமல் திண்டாடியவர்கள் அநேகம். புது எண் வாங்கிய சில்லறைக் கடைக்காரர்களில் சிலர் அதை எங்கள் மகனிடம் சொன்னார்கள், சிலர் கணக்குப்பிள்ளையிடம், சிலர் லோடு ஏற்றிப்போன டிரைவரிடம். ஆளுக்கொரு போனில் ஆளுக்கொரு எண். பாக்கி கேட்கப் போன் போட்டால் முன்பின் தெரியாத ஒருவர் "யாரு அண்ணாச்சி?" என்பார். துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது விதி. பழைய எண்ணுக்குப் பில்லை அனுப்பினால் அது அந்நியர் கைக்குத்தான் போகும்.

பிறகு 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. எங்கள் கிட்டங்கிக்குள் இடுப்பளவு தண்ணீர். அடி வரிசைத் துவரம்பருப்பு மூட்டைகள் ஊறி வெடித்தன. மேசை டிராயரில் இருந்த கடைப் போனும் போயிற்று. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் பழைய எண்கள் மட்டும் வந்தன. சாதாரண சிம்மில் 250 பெயர் அளவில்தான் கொள்ளும். அது நிறைந்தபின் வந்தவை எல்லாம் போனுக்குள்ளேயே பதிவாகி, போனோடு போய்விட்டன. பரண் நோட்டு நனையவில்லை; ஆனால் அதிலிருந்த எண்களில் பாதி செத்த எண்கள். சரக்குப் போனதைவிட, யாரிடம் எவ்வளவு பாக்கி என்று தெரிந்தும் கூப்பிட வழியில்லாமல் உட்கார்ந்திருந்ததுதான் எங்களுக்கு வேதனை. பழைய பில் கட்டுகளைக் காயவைத்து எண்களைத் தேற்ற இரண்டு மாதம் ஆயிற்று.

இப்போது நாங்கள் செய்திருப்பதைச் சொல்கிறோம். கடை பெயரில் தனியாக ஒரு கூகுள் கணக்கு. பாங்கு வேலைக்கும் சொந்தக் கடிதத்துக்கும் அதைத் தொடுவதில்லை. கடைப் போன், மகன் போன், கணக்குப்பிள்ளை போன், பேரனின் ஐபோன், கம்ப்யூட்டர் ஐந்திலும் அந்தக் கணக்கைச் சேர்த்தோம். சிம்மில் இருந்த பெயர்களையும் அதற்குள் ஏற்றினோம். முக்கியமாக, புது எண் பதியும்போது 'எங்கே சேமிக்க' என்று போன் கேட்டால் சிம், போன் இரண்டையும் விட்டு அந்தக் கணக்கையே தொட வேண்டும். ஒருவர் பதிந்தால் ஐந்திலும் வந்துவிடும்.

வந்ததும் ஒரே ஆள் நான்கு முறை இருந்தார்! இரட்டைப் பெயர்களைச் சேர்த்துவைக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. ஆனால் மொத்தமாக 'சரி' என்று தட்டிவிடாதீர்கள். ஒரே பெயரில் இரண்டு ஊர்க் கடைகள் நம்மிடம் சர்வ சாதாரணம். அதனால் ஊர், கடை, ஆள் என்ற வரிசையில்தான் பெயர் எழுதுகிறோம்: 'ஏரல் - மளிகை - செல்வம்'. குறிப்பு எழுதும் இடத்தில் 33-ல் தொடங்கும் ஜி.எஸ்.டி. எண்.

ஒரு ஆபத்தும் உண்டு. கடைப் பையன் தன் போனில் மட்டும்தான் என்று நினைத்து நாற்பது பெயரை அழித்தான். ஐந்திலும் அழிந்தது. குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும் என்பதால் மீட்டோம். அதிலிருந்து பையன்கள் போனில் கணக்கைப் போடுவதில்லை. வேலையை விட்டுப் போகிறவர் போனிலிருந்து அன்றைக்கே கணக்கை எடுத்துவிட்டு, கடவுச்சொல்லையும் மாற்றுகிறோம்.

மாதம் ஒரு முறை முழுப் பட்டியலையும் கோப்பாக இறக்கிப் பென் டிரைவில் வைக்கிறோம். பங்குனிக் கடைசியில் அச்செடுத்துப் பழைய காலிகோ அட்டைக்குள் தைத்து, அதே பரணில்.