கிணற்று நீர் தெளிவாக இருந்தால் போதுமா? பத்து ஆராங் முதல் நெய்வேலி வரை

பிரிக்பீல்ட்ஸ் ரயில் பணிமனைக்கு வந்துபோன நீராவி எஞ்சின்களும், பங்சாரில் இருந்த பழைய மின்நிலையமும் எரித்த நிலக்கரி ரவாங்கை அடுத்த பத்து ஆராங்கிலிருந்து வந்தது. மலாயன் கோலியரிஸ் நிறுவனம் 1915-இல் அங்கே தோண்டத் தொடங்கியது. சீனர்களோடு நம்மவர்களும் அங்கு உழைத்தார்கள். ரயில்களும் மின்நிலையங்களும் எண்ணெய்க்கு மாறியதும் 1960-இல் சுரங்கம் மூடப்பட்டது. திறந்தவெளியாகத் தோண்டிய பள்ளங்கள் இன்று ஏரிகள். ஊருக்கு அடியில் பழைய சுரங்கப் பாதைகள் இருப்பதால் அங்கே வீடு கட்டவும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

சுரங்கத்தை மூடிவிட்டாலும் அது தொட்ட தண்ணீரின் கதை முடிவதில்லை. இதைப் புரிந்துகொள்ள நெய்வேலியைப் பார்க்கலாம். அங்கே நிலக்கரி கிடைத்ததே ஒரு கிணற்றினால்தான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் குழாய்க் கிணறு இறக்கியபோது, தண்ணீரோடு கரிய பொருள் ஒன்றும் வெளியே வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-இல் அங்கு அரசு நிறுவனம் அமைந்தது.

நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரிய நீர்த்தாங்கி ஒன்று அடைபட்டுக் கிடக்கிறது. அந்த நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டுகிறது. மேலே உள்ள மண்ணை அகற்றினால் சுரங்கத்தின் தரையே பிளந்து வெள்ளம் புகுந்துவிடும். அதனால் சுற்றிலும் ஆழ்குழாய்கள் இறக்கி, இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐஸ் கச்சாங்கின் நடுவில் கரண்டியால் அள்ளினால் ஓரங்களும் சரிந்து இறங்குமே, நிலத்தடி நீரும் அப்படித்தான் இறங்கும். சுரங்க வேலிக்குப் பல மைல் தள்ளியுள்ள கிராமத்துக் கிணறும் அந்தச் சரிவுக்குள் வந்துவிடலாம். கையால் மொண்ட இடத்தில் மோட்டார் போட்டும் நீர் ஏறவில்லை என்று அங்குள்ள விவசாயிகள் சொல்வதன் பின்னணி இதுதான்.

ஆனால் கிணறு வற்றினால் காரணம் சுரங்கமா, மழை பொய்த்ததா, பக்கத்துத் தோட்டக்காரர் போட்ட பம்பா? இங்கேதான் கண்காணிப்புக் கிணறுகள் தேவைப்படுகின்றன. இவை தண்ணீர் எடுப்பதற்கல்ல, அளப்பதற்கு. ஒல்லியான குழாய் ஒன்றைக் குறிப்பிட்ட ஆழத்தில் உள்ள ஒரே ஒரு நீர்த்தாங்கிக்கு மட்டும் திறந்து வைத்திருப்பார்கள். அளவு நாடாவை உள்ளே இறக்கினால் நீரைத் தொட்டதும் பீப் ஒலி கேட்கும். அந்த ஆழத்தைக் கடல்மட்டக் கணக்குக்கு மாற்றிய பிறகே ஒரு கிணற்றோடு மற்றொன்றை ஒப்பிட முடியும். நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று அறியக் குறைந்தது மூன்று கிணறுகளாவது வேண்டும். சுரங்கத்துக்கு மேல்புறத்தில் ஒன்றும் கீழ்புறத்தில் ஒன்றுமாவது இல்லையென்றால் யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், தோண்டுவதற்கு முன்பே எடுத்த அளவு. அது இல்லாத அறிக்கை எத்தனை பக்கம் இருந்தாலும் பாதி அறிக்கைதான் என்பது என் கருத்து. பிள்ளையின் உயரத்தைப் பத்து வயதில் முதன்முறையாக அளந்துவிட்டு எவ்வளவு வளர்ந்தான் என்று கேட்டால் யார் சொல்வது?

மட்டம் ஒன்று, தரம் வேறொன்று. நிலக்கரிப் பாறைகளில் கந்தகம் கலந்த இரும்புத் தாது உண்டு. நீரை இறைத்துவிட்டால் அந்தப் பாறையில் காற்றுப் படும், தாது மெல்ல அமிலமாக மாறும். சுரங்கம் மூடப்பட்டுப் பம்புகள் நின்றதும் நீர் மீண்டும் ஏறி, அந்த அமிலத்தையும் இரும்பையும் கரைத்துக்கொள்ளும். ஆகவே சுரங்கம் மூடிய பிறகுதான் தரம் கெடத் தொடங்குவதும் உண்டு. ஓடைக்கரையில் ஆரஞ்சு நிறப் படிவு தெரிந்தால் அது இரும்பு. ஆனால் அதற்கு முன்பே சல்பேட் அளவு ஏறத் தொடங்கியிருக்கும். அதனால்தான் ஆய்வாளர்கள் முதலில் சல்பேட்டைப் பார்க்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாதவையே அதிக ஆபத்து. 2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள், மந்தன் அத்யயன் கேந்திரா ஆகிய அமைப்புகள் நெய்வேலிப் பகுதி பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டன. வடக்குவெள்ளூரில் ஒரு வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் பாதரசம் அனுமதித்த அளவைப் போலப் பல மடங்கு இருந்ததாக அது கூறியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. பாதரசத்துக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய உலோகத்தின் அளவு கூடத்தான் செய்யும்.

நம் நாட்டில் இன்று நிலக்கரி தோண்டப்படுவது சரவாக்கில். காப்பார் மின்நிலையம் எரிப்பது இறக்குமதி நிலக்கரி. அதன் சாம்பல் கொட்டும் இடங்களைச் சுற்றியும் இதே சோதனைகள்தான் தேவை. சுற்றுச்சூழல் துறை 1997 முதல் நிலத்தடி நீரைக் கண்காணித்து வருகிறது. குப்பைக் கிடங்கு, தொழிற்பேட்டை, பழைய தங்கச் சுரங்கம், கோல்ப் திடல் எனப் பல இடங்களில் அதற்குக் கிணறுகள் உண்டு. சிலாங்கூரில் நிலத்தடி நீர் எடுப்பதை ஒழுங்குபடுத்துவது லுவாஸ்.

பழைய சுரங்க நீர் நம் வீட்டுக் குழாய்க்கும் அந்நியமல்ல. 2014 வறட்சியில் பெஸ்தாரி ஜெயா பகுதியின் சுரங்கக் குட்டைகளிலிருந்து சுங்கை சிலாங்கூருக்கு நீர் இறைக்கப்பட்டது. கன உலோகம் கலந்திருக்குமா என்று அப்போதே சர்ச்சை எழுந்தது. 2020 செப்டம்பரில் அதே ஆறு மாசுபட்டு, 10 லட்சத்துக்கும் அதிகமான பயனீட்டாளர் கணக்குகளுக்கு நீர் விநியோகம் தடைபட்டது. அப்படிப்பட்ட நாள்களில்தான் தோட்டத்துப் பழைய கிணறு எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது.

அந்தக் கிணற்று நீரைக் குடிப்பதற்கு முன் சோதனைக்கூடத்தில் கொடுங்கள். அமிலத்தன்மை, சல்பேட், இரும்பு, மாங்கனீசு, ஆர்சனிக், ஈயம், பாதரசம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பொதுவான சோதனை என்றால் கிருமியை மட்டும் பார்த்து அனுப்பிவிடக் கூடும். சுகாதார அமைச்சின் குடிநீர்த் தரப்படி ஒரு லிட்டருக்கு ஆர்சனிக்கும் ஈயமும் 0.01 மில்லிகிராமுக்கு மேலும், பாதரசம் 0.001 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கக் கூடாது. குழாய்க் கிணறாக இருந்தால் தேங்கிய நீரைப் பிடிக்காதீர்கள். குழாயில் நிற்கும் நீரைப்போல மூன்று மடங்கு இறைத்துக் கொட்டிய பிறகு பிடியுங்கள். உலோகச் சோதனைக்கான போத்தலைச் சோதனைக்கூடமே அமிலம் சேர்த்துத் தரும். அதைக் கழுவிவிட வேண்டாம். கிணற்றில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பதையும் தேதி போட்டு எழுதி, அறிக்கையோடு சேர்த்து வையுங்கள்.