நிரம்பியதை உணரும் சுவர்

வளர்ந்தவர்களின் சிறுநீர்ப்பை 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். பாதி நிரம்பும் முன்பே 'போக வேண்டும்' என்ற முதல் உணர்வு தலைகாட்டும். வேலை மும்முரத்தில் தள்ளிப்போட்டால், சற்று நேரத்தில் மறுபடியும் வந்து நச்சரிக்கும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது யார்?

தசைக்குள் ஓடும் நரம்புகளுக்கே அந்தப் பொறுப்பு என்று நெடுங்காலம் நம்பினார்கள். பையின் உட்புறத்தில் படர்ந்திருக்கும் யூரோதீலியம் என்ற செல்லடுக்கு, சிறுநீர் கசியாமல் காக்கும் ரப்பர் உறைபோலத்தான் கருதப்பட்டது. 1997இல் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. முயலின் சிறுநீர்ப்பையில் அழுத்தம் கூடும்போது, இந்தச் செல்கள் ஏ.டி.பி. என்ற வேதிப்பொருளை வெளிவிடுவது தெரியவந்தது. அதைப் பெற்றுக்கொள்ளும் பி2எக்ஸ்3 என்ற ஏற்பி நரம்பு முனைகளில் இருக்கிறது. அந்த ஏற்பி இல்லாத எலிகளின் சிறுநீர்ப்பை மந்தமாகவே செயல்படுகிறது என்று 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. சுவரும் நரம்போடு பேசுகிறது என்பது உறுதியானது.

சரி, தான் இழுபடுவதைச் செல் எப்படி அறிகிறது? அதன் சவ்வில் அயனித் தடங்கள் என்ற நுண்ணிய புரத வாயில்கள் உள்ளன. அவை திறந்தால் மின்னேற்றம் கொண்ட அயனிகள் உள்ளே பாய்ந்து, செல் விழித்துக்கொள்ளும். அழுத்தத்துக்குத் திறக்கும் வாயிலைத் தேடி, கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஆர்டெம் படபூட்டியன் குழுவினர் 72 மரபணுக்களை ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்தார்கள். 2010இல் பியசோ1, பியசோ2 என்ற இரண்டு வாயில்கள் வெளிச்சத்துக்கு வந்தன. படபூட்டியனுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

பியசோ2 சிறுநீர்ப்பையின் உட்சுவர்ச் செல்களிலும் அதன் நரம்புகளிலும் வேலை செய்வதை 2020இல் அதே குழு நிறுவியது. அதை இழந்த எலிகளுக்கு, அழுத்தம் வழக்கத்தைவிட அதிகமானால்தான் பை சுருங்கியது. பிறவியிலேயே பியசோ2 மரபணு பழுதான மனிதர்களும் அரிதாக இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு நாள் முழுவதும் போனாலும் சிறுநீர் கழிக்கத் தோன்றுவதில்லை. சிலர் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கழிப்பறைக்குப் போகிறார்கள்.

இந்த அறிவு மருந்தாக மாறுவது எளிதல்ல. அடிக்கடி அவசரமாக முட்டும் தொல்லைக்குத் தரப்படும் ஆக்சிபியூட்டினின் போன்ற பழைய மருந்துகள் தசையைத் தளர்த்துகின்றன. வாய் உலர்கிறது, மலச்சிக்கல் வருகிறது. வாயில்களையே அடைக்கலாமே என்றால், அவை சிறுநீர்ப்பைக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. தொடு உணர்வுக்கும் கைகால் எங்கே இருக்கிறது என்ற உணர்வுக்கும் பியசோ2 வேண்டும். மிளகாய்க் காரத்தை உணரும் டி.ஆர்.பி.வி.1 தடம் சிறுநீர்ப்பையிலும் இருக்கிறது. அதை அடைக்கும் மருந்துகள் சில சோதனைகளில் உடல் வெப்பத்தை ஏற்றிவிட்டன. ஆகவே, சிறுநீர்ப்பைக்குள் மட்டும் வேலை செய்யும் மருந்துதான் உண்மையான சவால்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடிக்கடி முட்டுவதையும் அடக்க முடியாமல் கசிவதையும் வயதின் மேலோ வெட்கத்தின் மேலோ போட்டு மறைக்காதீர்கள். தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள். அது உடலின் பிரச்சினை. பண்பின் குறை அல்ல.