பழைய பிக்கப்பை நான்கு சக்கர இழுவையாக மாற்றலாமா?

ஐப்பசி அடைமழையில் கந்தர்வக்கோட்டைப் பகுதியின் செம்மண் வண்டிப்பாதைகள் குழம்பாகிவிடும். மானாவாரி நிலக்கடலை வீடு வந்து சேர வேண்டிய காலமும் அதுவே. தார்ச்சாலையில் சிரமமின்றி ஓடும் பிக்கப், வயலிலிருந்து சாலைக்கு ஏறும் ஒரு பர்லாங்கில் மூட்டைகளோடு புதைந்துவிடும். ஒவ்வொரு முறையும் டிராக்டருக்கு வாடகை கொடுத்துச் சலித்தவர்கள், வண்டியையே நான்கு சக்கர இழுவையாக மாற்றிவிட்டால் என்ன என்று எண்ணுவது இயல்பு.

ஏன் புதைகிறது?

சாதாரண பிக்கப்பில் என்ஜினின் சக்தி பின் சக்கரங்களுக்கு மட்டுமே போகிறது. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், டிஃபரன்ஷியல் அமைப்பினால் அந்தச் சக்கரமே வீணாகச் சுற்றும், மற்றது அசையாது. முன் சக்கரங்களும் இழுத்தால் வண்டி வெளியேற வாய்ப்பு அதிகம்.

என்னென்ன தேவை?

டிஃபரன்ஷியலுடன் கூடிய முன் ஆக்ஸில், சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் கேஸ், முன்னும் பின்னும் புதிய அளவில் ஷாப்டுகள் ஆகியவை வேண்டும். ஸ்டியரிங், ஸ்பிரிங் பட்டை, பிரேக் ஆகியவற்றிலும் கை வைக்க நேரிடும். முன், பின் டிஃபரன்ஷியல்களின் பல் விகிதமும் டயர் அளவும் ஒன்றாக இருப்பது அவசியம். இல்லையெனில் பற்கள் விரைவில் தேய்ந்து உடையும். மகிந்திரா ஜீப் வகைகள் இரு விதமாகவும் விற்கப்பட்டதால், அவற்றுக்குப் பாகங்கள் தேடுவது சற்று எளிது. மற்ற வண்டிகளில் வேலையும் செலவும் கூடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நஷ்டஈட்டிலும் சிக்கல் வரலாம். எனவே பட்டறைக்கு முன்பணம் கொடுக்குமுன், புதுக்கோட்டை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு அறிதல் நலம்.

குறைந்த செலவில் செய்யக்கூடியவை

* பின் சக்கரங்களுக்குப் பட்டன் டயர் போடவும்.
* காலி வண்டியானால் பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே சில மணல் மூட்டைகள் வைக்கவும். பாரம் ஏற்றும்போது பாதிப் பாதியாக இரு நடை எடுக்கவும்.
* சேற்றில் டயர் காற்றைச் சற்றுக் குறைக்கலாம். சாலை ஏறியதும் மீண்டும் நிரப்பிய பின்னரே வேகமெடுக்க வேண்டும்.
* ஒரு சக்கரம் மட்டும் சுற்றினால், பின் சக்கரத்தில் பிடிக்கும் கைபிரேக்கை லேசாக இழுத்து மெதுவாக நகர்த்திப் பார்க்கவும்.
* வண்டியில் இரு பலகையும் ஒரு மண்வெட்டியும் எப்போதும் இருக்கட்டும்.

இவை அனைத்திலும் மேலானது பாதையைச் சீர்செய்வதே. ஆவணிக்குள் பள்ளங்களில் கிராவல் கொட்டி, ஓரத்தில் வடிகால் வெட்டிவிட்டால் அண்டை வயல்காரர்களின் வண்டிகளும் தடையின்றிப் போகும், செலவையும் பகிர்ந்துகொள்ளலாம். அப்படியும் நான்கு சக்கர இழுவை அவசியமானால், தயாரிப்பிலேயே அவ்வசதியுடன் வந்த பழைய வண்டியை, ஆர்.சி. புத்தகத்தைச் சரிபார்த்து வாங்குவதே பாதுகாப்பானது.