போராகாய்: கண்ணாடித் தண்ணீரில் சாக்கடை

பிலிப்பைன்ஸின் போராகாய் தீவு மொத்தமே சுமார் பத்து சதுர கிலோமீட்டர்தான். 2017இல் அங்கே 20 லட்சம் பேர் வந்துபோனார்கள். மேற்குக் கரையில் நான்கு கிலோமீட்டர் நீளும் வெள்ளை மணலில் கால் வைத்தால் சூடுகூடத் தெரியாது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் கால்விரல் தெரியும்.

அந்தக் கடலைத்தான் 2018 பிப்ரவரியில் அதிபர் ரொட்ரிகோ டுடெர்டே கழிவுநீர்க் குட்டை என்று திட்டினார். பேச்சு முரட்டுத்தனமானது, விஷயம் பொய்யில்லை. ஏப்ரல் 26 முதல் ஆறு மாதம் சுற்றுலாப் பயணிகளுக்குத் தீவு மூடப்பட்டது.

பல விடுதிகள் பாதாளச் சாக்கடையில் இணையாமல், கழிவை மழைநீர் வடிகாலில் திருப்பிவிட்டிருந்தன. வடிகால் போய்ச் சேருமிடம் கடல். 1997இலேயே கோலிபார்ம் பாக்டீரியா அதிகம் என்று அரசு சொல்லி, பயணிகள் வரத்து சரிந்தது. பிறகு மறந்துபோனார்கள்.

கோலிபார்ம் பெரும்பாலும் தானாக நோய் தராது. மலக்கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டிக்கொடுக்கும் சாட்சி அது. உப்புநீரில் அதைவிட நம்பகமான சாட்சி, அதிக நாள் உயிரோடிருக்கும் என்டரோகாக்கஸ். அமெரிக்க விதிப்படி, குளிக்கும் கடலில் 100 மில்லிலிட்டருக்குச் சராசரியாக 35க்கு மேல் இருக்கக் கூடாது. வழக்கமான சோதனையில் கிருமி வளர்ந்து எண்ணத் தகுந்த நிலைக்கு வர ஒரு நாள் ஆகும். ஆக, இன்று ஒட்டப்படும் அறிவிப்பு நேற்றைய தண்ணீரைப் பற்றியது! குளித்தவருக்கு அதற்குள் வயிற்றுப்போக்கோ காதுவலியோ தொடங்கியிருக்கலாம். தண்ணீரை அதிகம் விழுங்குவது குழந்தைகள்தான்.

கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளம் ஒன்று உண்டு: மழை. கனமழை கொட்டினால் தெருவின் அழுக்கெல்லாம் வடிகால் வழியே கரைக்கு வரும். அதன்பின் ஓரிரு நாள் குளிக்காமலிருப்பதும், வடிகால் வாய்க்கருகே எப்போதும் இறங்காமலிருப்பதும் நல்லது. போராகாயில் இதிலொரு சிக்கல். ஜூன் முதல் அக்டோபர் வரை வீசும் 'ஹபகாட்' பருவக்காற்று மழையையும் கொண்டுவரும், மேற்குக் கரையில் அலையையும் எழுப்பும். அலைக்குப் பயந்தவர்கள் கிழக்கே அமைதியான புலாபோக் கரைக்குப் போவார்கள். கழிவுக் குழாய்கள் அம்பலமானதோ அந்தப் பக்கம்.

2018 அக்டோபர் 26இல் தீவு மீண்டும் திறந்தபோது, ஒரே நேரத்தில் 19,215 சுற்றுலாப் பயணிகளுக்கு மேல் தங்கக் கூடாதென வரம்பு வந்தது. பெரிய விடுதிகள் சொந்தமாகக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட வேண்டியதாயிற்று.