மின்னேற்றியின் உடைந்த உறையும் அதற்கு மாற்றும்

மடிக்கணினியின் மின்னேற்றி, அதாவது வழக்கில் சார்ஜர் எனப்படுவது, கைதவறித் தரையில் விழுந்து அதன் பிளாஸ்டிக் உறை பிளந்துபோவது அடிக்கடி நேரக்கூடியதே. உள்ளேயிருக்கும் கருவி பெரும்பாலும் பழுதின்றி இயங்கிக்கொண்டிருக்கும். ஆகவே, மின்காப்பு நாடாவை நான்கு சுற்றுச் சுற்றிவிட்டு வேலையைத் தொடர்வோர் பலர். வெப்பத்தினால் நாடாவின் பசை இளகி, நாளடைவில் அது நழுவிவிடுகிறது. அப்பொழுது வெளியே தெரிவது கணினிக்குச் செல்லும் 19 வோல்ட் மட்டுமன்று. சுவரிலிருந்து வரும் மின்சாரமுமாகும்.

மின்னேற்றியினுள் நுழையும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம் முதலில் நேர்திசையாக்கப்பட்டு, சுமார் 325 வோல்ட் அழுத்தத்தில் ஒரு மின்தேக்கியில் சேர்கிறது. பின்னர் அது வினாடிக்குப் பல பதினாயிரம் முறை துண்டிக்கப்பட்டு, சிறியதொரு மின்மாற்றியின் வழியாகத் தாழ்ந்த அழுத்தமாக வெளிவருகிறது. உயர் அழுத்தப் பகுதிக்கும் தாழ் அழுத்தப் பகுதிக்கும் இடையே நேரடிக் கம்பித் தொடர்பு கிடையாது. ஆற்றல் காந்தப் புலத்தின் வழியாகவும், அழுத்தத்தை நெறிப்படுத்தும் செய்தி பெரும்பாலும் ஒளியின் வழியாகவும் கடக்கின்றன. பலகையில் இவ்விரு பகுதிகளுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் அகலமுள்ள வெற்றிடம் விடப்பட்டிருப்பதைக் காணலாம். புதிய உறை அமைப்பவர் இவ்வெற்றிடத்தைக் காக்கவேண்டியவராகிறார்.

இயங்காத மின்னேற்றி ஆபத்தற்றது என்பது பரவலான எண்ணம். உண்மை இதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம். நன்கு இயங்கும் கருவியில், மின்சாரத்தை நிறுத்தியதும் மின்தேக்கியிலுள்ள மின்னூட்டம் பெரும்பாலும் செலவழிந்துவிடும். பழுதுற்ற கருவியிலோ அது செல்ல வழியின்றி நெடுநேரம் தங்கக்கூடும். எனவே உறையைத் திறந்தவுடன், 5 கிலோ ஓம், 5 வாட் மின்தடை ஒன்றைக் காப்பிட்ட கம்பிகளுடன் மின்தேக்கியின் இரு முனைகளிலும் சில வினாடிகள் வைத்து, அழுத்தம் தணிந்ததை அளவுமானியால் உறுதி செய்தல் வேண்டும். திருப்புளியை வைத்துப் பொறி பறக்கவிடும் வழக்கம் அடியோடு கைவிடத்தக்கது.

பலகையில் விரிசலோ கருகலோ காணப்பட்டாலும், உருகி அறுந்திருந்தாலும் அக்கருவியை ஒதுக்கிவிடுவதே முறை. உறை மட்டும் உடைந்ததற்கே இங்குக் கூறும் மாற்று பொருந்தும்.

தகர டப்பா கையில் அகப்படுவது எளிது. ஆனால் உள்ளே ஒரு கம்பி தளர்ந்தால் டப்பா முழுவதும் மின்னேறிவிடும். அட்டையும் மரமும் எரியக்கூடியவை. சோப்புப் பெட்டியின் துண்டொன்றையும், மின்கம்பி இணைப்புக்கு விற்கப்படும் கெட்டியான பி.வி.சி. பெட்டியின் துண்டொன்றையும் திறந்தவெளியில், புகையிலிருந்து விலகி நின்று, சுடரில் காட்டினால் வேறுபாடு விளங்கும். முன்னது பெரும்பாலும் உருகிச் சொட்டித் தொடர்ந்து எரியும். பின்னது சுடரை அகற்றியதும் அணைந்துவிடும். மாணவர்க்கு ஆசிரியரே இதனைச் செய்துகாட்டலாம்.

பெட்டி பழைய உறையைவிடச் சற்றுப் பெரியதாயிருப்பது நலம். 65 வாட் மின்னேற்றி பத்தில் ஒரு பங்கை இழப்பதாகக் கொண்டால், சுமார் 7 வாட் வெப்பம் உள்ளே தோன்றும். அது பெட்டியின் சுவர் வழியாகவே வெளியேற வேண்டும். காற்றுக்கெனத் துளையிடலாகாது, எறும்பும் ஈரமும் புகுந்து நடுவிலுள்ள வெற்றிடத்திற்குப் பாலமிட்டுவிடும். பலகையை நைலான் தாங்கிகளின்மேல் அமைக்கவேண்டும். உலோகத் தகடு சுற்றப்பட்டிருந்தால், அதன் அடியிலுள்ள காப்புத்தாளுடன் பழைய இடத்திலேயே வைக்கவேண்டும். செருகியைப் பொருத்தும்போதும் பிடுங்கும்போதும் ஏற்படும் விசை பற்றவைப்புகளின்மேல் விழாதபடி, செருகுவாயைப் பெட்டிச் சுவரிலேயே இறுகப் பிணைத்தல் இன்றியமையாதது. வெளிக்கம்பியையும் அவ்வாறே உட்புறத்தில் பட்டையிட்டு நிறுத்தவேண்டும்.

மூடிய பின்னர், மின்சாரம் தருமுன், உள்வரும் இரு முனைகளையும் ஒன்றாகவும், வெளிச்செல்லும் இரு முனைகளையும் ஒன்றாகவும் இணைத்து, இவ்விரு தொகுதிகளுக்கும் இடையே 500 வோல்ட் மெக்கரால் காப்புத்தடையை அளக்கலாம். அது மெகோம் கணக்கில் இல்லையெனில் கருவியைப் பயன்படுத்தலாகாது. அடுத்து, கணினியை இணைக்காமலே மின்சாரம் தந்து, வெளி அழுத்தமும் நேர், எதிர் முனைகளும் பழைய உறையில் அச்சிட்டுள்ளபடியே உள்ளனவா என்று பார்க்கவேண்டும். அதன்பின் கணினியை இணைத்து ஒரு மணி நேரம், ஒருவர் அருகிலிருக்க, ஓடவிட வேண்டும். பெட்டி கைவைத்திருக்க முடியாத அளவுக்குச் சுட்டால் அதைவிடப் பெரிய பெட்டி தேவை. அச்சிட்ட பழைய பகுதியை வெட்டியெடுத்துப் புதிய பெட்டியின்மேல் ஒட்டிவைத்தால், வோல்ட், ஆம்பியர் விவரங்கள் அடுத்துப் பயன்படுத்துவோருக்கும் கிட்டும்.