களைதலும் காத்தலும்

நிலத்தையும் அதில் வளரும் தாவரத்தையும் பிரித்துப் பார்க்காதவர்கள் தமிழர்கள். குறிஞ்சி, முல்லை, மருதம் என நிலங்களுக்கே மலர்களின் பெயரைச் சூட்டினர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கிச் சொல்கிறது. அத்தகைய பன்மை வாழ்ந்த மண்ணில், இன்று குளங்களும் ஓடைகளும் ஓரிரு தாவரங்களின் பிடியில் சிக்கியுள்ளன. அவற்றை மீட்கும் பணியில் தன்னார்வலர்கள் பலர் ஈடுபட்டு வருகின்றனர்.

வந்தவையெல்லாம் பகையல்ல

அயல்நாட்டிலிருந்து வந்த தாவரங்கள் அனைத்தும் தீங்கானவை அல்ல. மிளகாயும் தக்காளியும் நிலக்கடலையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. சோமனூர்ப் பகுதியின் விசைத்தறிகளில் ஓடும் பருத்தி நூலும் பெரும்பாலும் அமெரிக்கப் பருத்தியினத்திலிருந்து பெறப்படுவதே. இவை உழவரின் கைக்குள் அடங்கி நிற்பவை. மாறாக, தாமே பரவி, மண்ணுக்குரிய தாவரங்களின் இடத்தைக் கவர்ந்துகொள்பவை ‘ஊடுருவும் அயல் தாவரங்கள்’ எனப்படுகின்றன. சீமைக்கருவேலம், ஆகாயத்தாமரை, பார்த்தீனியம், உண்ணிச்செடி ஆகியவை தமிழகத்தில் பரவலாகக் காணப்படுபவை.

சீமைக்கருவேலம் விறகுத் தேவைக்காக 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் இனிப்பான காய்களை ஆடு மாடுகள் விரும்பித் தின்கின்றன. செரிக்காத விதைகள் சாணத்தோடு வெளியேறிப் புதிய இடங்களில் முளைக்கின்றன. மரத்தை வெட்டினாலும் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். நீர்வரத்து வாய்க்காலில் அது புதராக மண்டும்போது வண்டல் தங்கி, நீரோட்டம் தடைப்படுகிறது.

நொய்யல் கரையில்

வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல், கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. பேரூர், வெள்ளலூர், சூலூர், சோமனூரை அடுத்த சாமளாபுரம் எனக் குளங்கள் பல இந்த ஆற்றை நம்பியே உள்ளன. மழை குறைந்த கொங்கு நாட்டில் குளம் நிரம்புவதைப் பொறுத்தே சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டம் அமையும். எனவே, வாய்க்காலை அடைக்கும் ஒரு புதர் ஊரின் குடிநீரையே அடைப்பதாகும்.

‘சிறுதுளி’ அமைப்பு 2003 முதல் கோவையின் நீர்நிலைகளை மீட்டெடுக்கும் பணியைச் செய்து வருகிறது. 2017-இல் தொடங்கிய ‘கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு’ ஞாயிறுதோறும் தன்னார்வலர்களைத் திரட்டிக் களப்பணி ஆற்றியது. வெள்ளலூர்க் குளத்தின் நீர்வரத்து வாய்க்காலில் மண்டியிருந்த புதர்களை அகற்றியதோடு, கரையில் நாட்டு மரங்களையும் நட்டு வளர்த்தது.

அறிந்து களைதல்

களப்பணிக்கு ஆர்வம் மட்டும் போதாது. அடையாளம் காணும் அறிவும் வேண்டும். கருவேலம், வெள்வேல், வன்னி ஆகியவை முள் உடையவையாயினும் மண்ணின் மரங்களே. கொங்கு நாட்டுக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் வெள்வேல் மரமே கால்நடைகளுக்கு நிழலும் காயும் தருகிறது. கருவேலத்தின் காய் மணிமாலைபோல் இடையிடையே சுருங்கியிருக்கும். பூ மஞ்சள் உருண்டையாக இருக்கும். சீமைக்கருவேலத்தின் பூவோ நீண்ட கதிராகத் தொங்கும். இவ்வேறுபாட்டை அறியாதவர் கையில் உள்ள அரிவாள், காக்க வேண்டியதையே வெட்டிவிடும்.

சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்ற வேண்டும்; பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே, கையுறை அணிந்து பிடுங்க வேண்டும்; ஆகாயத்தாமரையைக் கரையேற்றி, மீண்டும் நீரில் விழாதவாறு உலர்த்த வேண்டும். அகற்றிய இடத்தை வெறுமையாக விட்டால், மண்ணில் புதைந்துள்ள விதைகள் மீண்டும் முளைக்கும். ஆகவே, தொடர்ந்து கண்காணிப்பதும் நாட்டு மரங்களை நடுவதும் களைதலின் பிரிக்க இயலாத பகுதிகள்.

> தெரியுமா?
> ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரைச் சேர்ந்த ஜோன் பிராட்லி, எய்லீன் பிராட்லி என்னும் சகோதரியர் 1960-களில் ஒரு களையெடுப்பு முறையை வகுத்தனர். களை மிகுந்த இடத்தில் தொடங்காமல், இயற்கை நலமாக உள்ள இடத்தில் தொடங்கி, மண்ணைக் கிளறாமல் சிறிது சிறிதாக வெளிநோக்கி முன்னேறுவதே அம்முறை.

மறுபக்கமும் உண்டு

2017-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற ஆணையிட்டது. அதே ஆண்டில் உயர்நீதிமன்றம் அப்பணிக்கு இடைக்காலத் தடையும் விதித்தது. இம்மரம் காற்றின் ஈரத்தையே உறிஞ்சிவிடுகிறது என்னும் பரவலான கூற்றுக்கு உறுதியான அறிவியல் சான்று இல்லை. வறண்ட மாவட்டங்களில் கரிமூட்டம் போட்டும் விறகு வெட்டியும் வாழும் எளிய குடும்பங்கள் பல இதனையே நம்பியுள்ளன. நீர்நிலையைக் காக்கும் முயற்சி, அவர்களின் அடுப்பை அணைத்துவிடக் கூடாது. எங்கு அகற்றுவது, எவ்வளவு அகற்றுவது, மாற்றாக எதை வழங்குவது என்பவற்றை ஆராய்ந்தே செயல்பட வேண்டும். தமிழ்நாடு அரசு 2022-இல் வெளியிட்ட ஊடுருவும் தாவரங்கள் குறித்த கொள்கையும், அகற்றுதலைச் சூழல் மீட்டெடுப்புடன் இணைத்தே நோக்குகிறது.

உழவர் களையெடுப்பது பயிரின் பொருட்டே. அதுபோல, குளக்கரையில் களையெடுப்போரின் வெற்றியும் வெட்டி வீழ்த்திய மரங்களின் எண்ணிக்கையில் இல்லை. அவ்விடத்தில் மீண்டும் தழைக்கும் வேம்பிலும் புங்கிலும், தடையின்றிக் குளத்தை வந்தடையும் நீரிலும் உள்ளது.